சூனியமும் திருச்சபையும்: ஒரு பாவம் குற்றமாகிய வரலாறு

சென்ற வருடம் தரம் 10 மாணவர்களுக்கு ஐரோப்பிய மறுமலர்ச்சி பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அச்சியந்திரம், கடல்வழிகள், லியனாடோ டாவின்சி என்று கரும்பலகை நிறைந்திருந்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பினான்.

"சேர், அந்தக் காலத்திலதானே சூனியக்காரிகள உயிரோட எரிச்சாங்க? வேதக்காரங்களும் சூனியத்த நம்புறவங்களா?"

பாடநூலில் அதற்கு விடை இல்லை. "பிறகு சொல்றன், இரு" என்று அவனை இருத்திவிட்டேன். ஆனால் அவன் எதை மனதில் வைத்துக் கேட்கிறான் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரியும், எனக்கும் தெரியும். முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதற்குரிய மாணவிக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் திடீரென்று கைகால் இழுத்து வாயில் நுரை தள்ளியது. இரண்டாவது முறையும் வந்தபோது ஓதிப் பார்க்கும் ஒருவரை அழைத்திருக்கிறார்கள். அவர் தண்ணீர் ஓதிக் கொடுத்து, நூல் கட்டிவிட்டு, இது செய்வினை, கிழக்கு வளவிலுள்ள ஒரு பெண்ணின் வேலை என்று சொல்லிப் போய்விட்டார். கிழக்கு வளவில் இருந்தவர் கணவனை இழந்த ஒரு தாய். காலையில் ஆப்பம் சுட்டு விற்பவர். பிள்ளைகள் அவரை 'ஆப்ப மாமி' என்பார்கள். மறுநாளிலிருந்து அவருடைய ஆப்பத்தை வாங்க ஆளில்லை.

அந்த வாரம் இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் இதுபற்றிக் கூடிப் பேசியபோது நானும் இருந்தேன். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள் என்று சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாணவனின் கேள்விக்கு விடை தேடப் போய் நான் வாசித்தவையே இக்கட்டுரை. கிறிஸ்தவம் சூனியத்தை ஏன் தவறென்கிறது என்பதுதான் கேள்வி. விடை ஒரு வரியில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அல்லாஹ்வுக்கு இணைவைப்பதனால் நாம் தவறென்கிறோம். அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது என் எண்ணம். அது பிழையல்ல. ஆனால் அந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டே அவர்கள் ஒரு காலத்தில் சூனியக்காரி என்று பழிக்கப்பட்டவளைக் காப்பாற்றினார்கள். இன்னொரு காலத்தில் அதே காரணத்தை வைத்தே அவளை எரித்தார்கள் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த மெதடிஸ்த நண்பர். விடைபெறும் நாளில் அவர் தந்த பழைய தமிழ் வேதாகமம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கினேன்.

யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரே வரியில் ஒரு சட்டம் வருகிறது. சூனியக்காரியை உயிரோடு விடலாகாது என்பது அதன் சாரம். எபிரேய மூலத்தில் அச்சொல் பெண்பால் ஒருமை. அலெக்சாந்திரியாவில் தவ்ராத்தைக் கிரேக்கத்துக்குப் பெயர்த்த யூத அறிஞர்கள் அவ்விடத்தில் 'பார்மகோஸ்' என்ற சொல்லைப் பன்மையில் இட்டார்கள். மருந்து, நஞ்சு, வசியமருந்து ஆகிய மூன்றையும் கையாள்பவருக்கு அது பெயர்; இன்றைய 'பாமசி'யும் அதன் உறவுச் சொல்தான். நம்முடைய ஊர்களில் 'மருந்து வைத்துவிட்டாள்' என்று சொல்லும்போது அது நஞ்சா, வசியமா என்று பிரித்தறிய முடியாதல்லவா? அந்த மயக்கம் அப்படியே கிரேக்கத்தில் இருந்திருக்கிறது. லத்தீன் வேதாகமம் 'தீங்கு செய்வோர்' என்று பொருள்படும் சொல்லை இட்டது. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் 'விட்ச்' வந்து அமர்ந்தாள். இந்த ஒரு வரியின் பெயரால் ஐரோப்பாவில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை எண்ணும்போது, மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தேர்வது எவ்வளவு பாரமான வேலை என்று தோன்றுகிறது.

காரணத்தைத் தெளிவாகச் சொல்லும் இடம் உபாகமம் 18ஆம் அதிகாரம். பிள்ளையைத் தீக்கடக்கப் பண்ணுகிறவன், குறி சொல்பவன், சகுனம் பார்ப்பவன், மந்திரவாதி, இறந்தவர்களிடம் கேட்பவன் என்று ஒரு பட்டியல் வருகிறது. இதில் பெரும்பாலானவை பிறருக்குத் தீங்கு செய்யும் வித்தைகளல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மறைவானதை அறிய முயலும் வித்தைகளே அதிகம். பட்டியல் முடிந்ததும், இஸ்ரவேலரின் சகோதரர்களிலிருந்து மூஸா (அலை) அவர்களைப் போன்ற ஒரு தீர்க்கதரிசி எழுப்பப்படுவார், அவருக்கே செவிகொடுக்க வேண்டும் என்ற வாக்குறுதி வருகிறது. நபிகளார் (ஸல்) பற்றிய முன்னறிவிப்பென்று நம்முடைய அறிஞர்கள் எடுத்துக்காட்டுவது இந்த இடத்தைத்தான். மேடைகளில் அவ்வசனத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் குறிகாரர்களின் பட்டியல் இருப்பதை ஒருவரும் சொன்னதில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் கருத்து விளங்குகிறது. மறைவானதைப் பற்றி இறைவன் சொல்ல நினைத்ததைத் தூதர் மூலம் சொல்வான்; அவன் சொல்லாததைப் பின்கதவால் போய்க் கேட்காதே என்பதுதான் அது.

பின்கதவால் போனவர் ஒருவரின் கதையும் அதே வேதாகமத்தில் உண்டு. நாம் தாலூத் என்று அறிந்திருக்கும் மன்னர் சவுல், நாட்டிலிருந்த குறிகாரர்களையெல்லாம் தாமே துரத்தியவர். போரில் தோல்வி நெருங்கியபோது வேடம் மாறி எந்தோர் என்ற ஊரிலிருந்த ஒரு பெண்ணிடம் இரவில் போகிறார். இறந்துபோன சாமுவேல் நபியை எழுப்பித் தரச் சொல்கிறார். அவள் பயப்படுகிறாள், மன்னரின் சட்டம் தன்னைக் கொல்லும் என்கிறாள். கேட்கக்கூடாததைக் கேட்டு மன்னர் தரையில் விழுந்து கிடக்கும்போது, வீட்டிலிருந்த கொழுத்த கன்றை அறுத்து, மா பிசைந்து ரொட்டி சுட்டு அவரைச் சாப்பிட வைப்பவளும் அவள்தான். வேதாகமம் சவுலைக் கண்டிக்கிறது. அவளைப் பற்றி அங்கே ஒரு கடுஞ்சொல்லும் இல்லை.

இன்ஜீலுக்குப் பிந்திய திருத்தூதர் வரலாற்றில் வேறொரு காரணம் சேர்கிறது. சமாரியாவில் மந்திர வித்தையால் புகழ்பெற்றிருந்த சீமோன் என்பவன், பேதுருவும் யோவானும் கைவைத்தால் பரிசுத்த ஆவி இறங்குவதைக் கண்டு, அந்த வல்லமையைத் தனக்கும் விற்கும்படி பணத்தை நீட்டுகிறான். பேதுரு அவனைக் கடுமையாகச் சபிக்கிறார். திருச்சபைப் பதவிகளை விலைக்கு வாங்குவதற்கு ஐரோப்பிய மொழிகளில் அவன் பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது. பிரார்த்தனையில் மனிதன் கேட்கிறான், கொடுப்பதும் மறுப்பதும் இறைவன் விருப்பம். மந்திரத்திலோ சரியான சொல்லும் சரியான பொருளும் சரியான கூலியும் சேர்ந்தால் மறுபக்கம் கொடுத்தே ஆகவேண்டும். இறையருளைக் கொடுக்கல் வாங்கலாக்குவதுதான் சீமோன் செய்த பிழை. எபேசு நகரில் மனம் மாறிய மந்திரவாதிகள் தம் நூல்களைக் கொண்டுவந்து எரித்தபோது அவற்றின் பெறுமதி 50,000 வெள்ளிக்காசு என்று கணக்கிடப்பட்டதாம். அங்கே எரிந்தவை நூல்கள்தான் என்பதை இந்த இடத்தில் குறித்துவைத்துக்கொள்வோம்.

ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் இந்த வேறுபாட்டை வற்புறுத்தியதற்கு வேறொரு அவசியமும் இருந்தது. மந்திரவாதிகள் என்ற பழி அவர்கள் மீதே விழுந்தது. 2ஆம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்க மெய்யியலாளர், ஈஸா (அலை) அவர்கள் எகிப்தில் மந்திரம் பயின்றவர் என்றே எழுதினார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் ஒரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் நீண்ட மறுப்பு எழுத வேண்டியிருந்தது. நம் நபிகளாரையும் குறைஷியர் 'ஸாஹிர்' என்றார்கள். மூஸா (அலை) அவர்களைப் பிர்அவ்னின் சபையும் அப்படித்தான் சொன்னது.

இக்கருத்துகளையெல்லாம் கோட்பாடாகக் கட்டியவர் வட ஆபிரிக்காவைச் சேர்ந்த அகுஸ்தீன். 430இல் மறைந்தவர். மந்திரச் சொற்களுக்கும் கயிறுகளுக்கும் தகடுகளுக்கும் தமக்கென ஒரு சக்தியும் இல்லை என்றார் அவர். அவை மனிதனும் ஷைத்தான்களும் தமக்குள் ஒத்துக்கொண்ட ஒரு மொழி. அதைப் பேசுகிறவன் அறிந்தோ அறியாமலோ ஓர் உடன்படிக்கைக்குள் நுழைகிறான் என்றார். ஆகவே நன்மைக்கான மந்திரம், தீமைக்கான மந்திரம் என்ற பிரிவினை அவரிடம் இல்லை. நோய் தீர்க்கக் கட்டும் தாயத்தும் அதே கணக்கில்தான். அதே 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய ஆயர்கள், குருமார் தாயத்துச் செய்யக்கூடாது, அவை ஆன்மாவுக்கு விலங்குகள் என்று தடை விதித்தார்கள். தடை வந்ததென்றால் குருமாரே செய்துகொண்டிருந்தார்கள் என்பது பொருள். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லா ஊரிலும் இதே கதைதான்.

உடன்படிக்கை என்ற இந்தச் சொல் பின்னால் பெரும் அழிவுக்கு வித்தாகியது. ஆனால் உடனே அல்ல. இடையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் திருச்சபை வேறு வழியில் நின்றது. என்னை மிகவும் வியக்க வைத்தது இந்தப் பகுதிதான்.

643இல் இத்தாலியின் லொம்பார்து மன்னர் ரொத்தாரி வெளியிட்ட சட்டத்தொகுதி, பிறருடைய அடிமைப் பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி ஒருவரும் கொல்லக்கூடாது என்கிறது. ஒரு பெண் உயிருள்ள மனிதனை உள்ளிருந்து தின்னுகிறாள் என்பது கிறிஸ்தவ மனம் நம்பத்தகாத செய்தி என்று காரணமும் சொல்கிறது. 785ஆம் ஆண்டளவில் சக்சனியரை வென்ற சார்லமேன் மன்னரின் ஆணை இன்னும் கடுமையானது. புறச்சமயத்தார் போல ஒருவரைச் சூனியக்காரி என்று நம்பி எரித்தால், எரித்தவனுக்கே மரண தண்டனை. சூனியக்காரியை எரிப்பவனுக்கு மரண தண்டனை விதித்த கிறிஸ்தவ மன்னர் ஒருவர் இருந்தார் என்பதை அந்த மாணவனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை.

பிரான்ஸின் லியோன் நகரில் 816இல் ஆயரானவர் அகோபார்து. ஆலங்கட்டி மழை பற்றி அவர் எழுதிய சிறுநூலொன்று கிடைத்திருக்கிறது. அப்பகுதி மக்கள், மந்திரத்தால் புயலை எழுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும், ஆலங்கட்டியில் விழுந்த தானியத்தை விலைக்கு வாங்க 'மகோனியா' என்ற நாட்டிலிருந்து மேகங்களின் மேல் கப்பல்கள் வருகின்றன என்றும் நம்பினார்கள். ஒருநாள் மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் விலங்கிட்டுக் கொண்டுவந்தார்கள். அக்கப்பல்களிலிருந்து விழுந்தவர்களாம், கல்லெறிந்து கொல்ல வேண்டுமாம். அகோபார்து நீண்டநேரம் வாதாடினார். கடைசியில் பிடித்து வந்தவர்கள்தாம் வெட்கப்பட்டார்கள். வேறொரு வேதனையையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். புயலைத் தடுத்துத் தருவதாகச் சொல்பவர்களுக்கு மக்கள் வருடந்தவறாமல் விளைச்சலில் பங்கு கொடுக்கிறார்கள். திருச்சபைக்குரிய தசமபாகத்தையோ ஏழைக்குரிய தர்மத்தையோ கேட்டால் கொடுப்பதில்லை. ஸகாத்துக்குப் பிகு பண்ணிவிட்டுக் காவல்தகட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களை நாமும் அறிவோம்.

அதே நூலில் இன்னொரு சம்பவம். 810இல் மாடுகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. இத்தாலியின் பெனவெந்தோப் பிரபு தன் ஆட்களை அனுப்பி வயல்களிலும் ஊற்றுகளிலும் ஏதோ தூளைத் தூவுவித்தார் என்ற வதந்தி பரவியது. பலரைப் பிடித்துக் கொன்றார்கள். சிலரைப் பலகையில் கட்டி ஆற்றில் எறிந்தார்கள். அகோபார்து ஒரு கணக்கு வாத்தியாரைப் போல் கேட்கிறார்: மற்ற மிருகங்களை விட்டு மாட்டை மட்டும் கொல்லும் தூள் எது? பெனவெந்தோவின் ஆண், பெண், கிழவர், குமரர் அத்தனை பேரும் ஆளுக்கு மூன்று வண்டி தூளோடு புறப்பட்டாலும் இவ்வளவு நிலத்துக்கும் போதுமா? அவரைத் திகைக்க வைத்தது வேறு. பிடிபட்டவர்களே, ஆம், எங்களிடம் தூள் இருந்தது, தூவினோம் என்று ஒப்புக்கொண்டார்களாம். பொய்யான ஒப்புதல் வாக்குமூலம் என்பது மனித இயல்பில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை 9ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கண்டு எழுதியிருக்கிறார். அதை வாசிக்க வேண்டியவர்கள் எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் வாசிக்கவில்லை.

906ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் புரூம் மடத்தைச் சேர்ந்த ரெகினோ தொகுத்த திருச்சபைச் சட்டநூலில் ஒரு விதி இடம்பெற்றது. சில பெண்கள் இரவில் மிருகங்களின் மேல் ஏறி டயானா தேவதையோடு நெடுந்தூரம் பறந்து செல்வதாக நம்புகிறார்கள். அது ஷைத்தான் கனவில் காட்டும் மாயை. அதை உண்மையென நம்புவதுதான் மார்க்கப் பிறழ்வு என்று அவ்விதி போதித்தது. 1140ஆம் ஆண்டளவில் கிராஷியன் தொகுத்த பெரும் சட்டநூலிலும் அது சேர்ந்தது. பாப்பரசர் 7ஆம் கிரெகோரி 1080இல் டென்மார்க் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், புயலுக்கும் கொள்ளைநோய்க்கும் பெண்களைப் பழிகூறித் தண்டிக்கக்கூடாது என்று எச்சரித்தார்.

சூனியம் பாவம்தான். செய்ய முயன்றவளுக்கு நோன்பும் பரிகாரமும் உண்டு. ஆனால் அவளால் உன் மாட்டைக் கொல்ல முடியாது. முடியும் என்று நீ நம்பினால் உனக்கும் பரிகாரம் உண்டு. அன்றைய திருச்சபையின் நிலைப்பாட்டை இப்படிச் சுருக்கலாம்.

இது எப்போது மாறியது? ஒரே நாளில் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ் அகுஸ்தீனின் உடன்படிக்கைக் கருத்தை விரிவாக்கினார். அதே நூற்றாண்டில் மார்க்கப் பிறழ்வாளரைத் தேடுவதற்குச் சமய விசாரணை மன்றங்கள் உருவாகின. 1258இல் பாப்பரசர் 4ஆம் அலெக்சாந்தர், மார்க்கப் பிறழ்வு வெளிப்படையாக இல்லாத சூனிய வழக்குகளில் தலையிட வேண்டாம் என்று அம்மன்றங்களைத் தடுத்திருந்தார். 1326இல் 22ஆம் யோவான், ஷைத்தானோடு உடன்படிக்கை செய்பவரைப் பிறழ்வாளர் வரிசையில் சேர்த்தார். 1430களில் அல்ப்ஸ் மலைப்பகுதிகளில் புதியதொரு சித்திரம் உருவாகியது. தனியொருத்தியல்ல, ஒரு இரகசியக் கூட்டமே இருக்கிறது; அவர்கள் இரவில் பறந்து போய் ஷைத்தானை வணங்குகிறார்கள்; குழந்தைகளைத் தின்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு யூதர்களின் தொழுகை இடத்தின் பெயரையும் ஓய்வுநாளின் பெயரையும் சூட்டினார்கள் என்பதிலிருந்தே, முன்னர் எவர் மீது போட்ட பழி இப்போது எவர் மீது திரும்பியது என்பது விளங்கும்.

ஹைன்ரிக் கிராமர் என்ற டொமினிக்கன் துறவி இங்கே வருகிறார். 1484இல் பாப்பரசர் 8ஆம் இன்னொசன்டிடம் அனுமதிக் கடிதம் பெற்றுக்கொண்டு 1485இல் இன்ஸ்புரூக் நகரில் விசாரணை தொடங்கினார். குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஹெலெனா ஷொய்பரின் என்ற துணிச்சலான பெண்ணும் ஒருத்தி. வீதியில் கிராமரைக் கண்டு திட்டியவள். அவருடைய பிரசங்கத்துக்குப் போகவேண்டாம் என்று மற்றவர்களுக்கும் சொன்னவள். விசாரணையில் கிராமர் அவளுடைய கன்னிமை பற்றியும் அந்தரங்கம் பற்றியும் கேட்கத் தொடங்க, ஆயரின் பிரதிநிதி அது வழக்குக்குப் புறம்பானது என்று தடுத்தார். வழக்கு தள்ளுபடியாயிற்று, ஏழு பெண்களும் விடுதலையானார்கள். ஆயர் கியோர்க் கொல்சர், கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற கருத்துப்படத் தம் நண்பருக்கு எழுதி, கிராமரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்.

அவமானப்பட்டுப் போன அந்த மனிதர் உட்கார்ந்து எழுதிய நூல்தான் 'மல்லெயுஸ் மலெபிகாரும்', அதாவது சூனியக்காரிகளின் சம்மட்டி. 1486இல் அச்சாகியது. நான் கரும்பலகையில் மறுமலர்ச்சியின் பெருமையாக எழுதிய அதே அச்சியந்திரந்தான் அதையும் பரப்பியது. அதன் முதலாவது கேள்வியே, சூனியக்காரிகள் இருப்பதை மறுப்பது மார்க்கப் பிறழ்வா என்பது. பிறழ்வுதான் என்பது விடை. 906இல் நம்புவது பிழை. 1486இல் நம்பாமலிருப்பது பிழை. பழைய விதியைத் தள்ளிவிட முடியாமல், அது வேறு வகைப் பெண்களைப் பற்றியது என்று கிராமர் வியாக்கியானம் செய்தார். சட்டத்தை மாற்றாமலேயே அதன் பொருளை மாற்றிவிடும் வித்தை எல்லாச் சமயத்து அறிஞர்களுக்கும் கைவந்ததுதான்.

1450 முதல் 1750 வரை ஐரோப்பாவில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை என்று இன்றைய ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். இலட்சக்கணக்கில் என்று பழைய நூல்களில் வருவது மிகைக் கணக்கு. தீர்ப்பளித்தவை பெரும்பாலும் அரச, உள்ளூர் நீதிமன்றங்கள். கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்ற பேதம் இதில் இருக்கவில்லை.

இவ்வளவு பேர் எப்படி ஒப்புக்கொண்டார்கள்? அன்றைய ஐரோப்பியச் சட்டத்தில் மரண தண்டனைக்கு இரண்டு கண்கண்ட சாட்சிகள் வேண்டும். இல்லாவிட்டால் குற்றவாளியின் ஒப்புதல் வேண்டும். இரவில் பறந்து போனவளைக் கண்ணால் கண்டவர் யார்? எனவே ஒப்புதல், ஒப்புதலுக்காகச் சித்திரவதை. ஜேர்மனியின் பம்பேர்க் நகர முதல்வர்களில் ஒருவரான யொஹானஸ் யூனியஸ் 1628 ஜூலை 24ஆம் திகதி சிறையிலிருந்து மகள் வெரோனிகாவுக்குக் களவாக அனுப்பிய கடிதம் இன்றும் இருக்கிறது. நசுக்கப்பட்ட விரல்களால் எழுதியது. தாம் குற்றமற்றவரென்றும், வேதனை தாங்காமல் கதையொன்றைக் கட்டிச் சொன்னதாகவும் அதில் எழுதினார். ஏதாவது சொல்லிவிடும்படி தண்டனை நிறைவேற்றுபவனே அவரிடம் கெஞ்சியிருக்கிறான். அதோடு முடியவில்லை. கூட்டத்தில் வேறு யாரைக் கண்டாய் என்று கேட்டு, சந்தையில் தொடங்கித் தெருத்தெருவாக நினைத்துப் பார்த்துப் பெயர் சொல்லச் சொன்னார்கள். அவர் சொன்னார். அடுத்த மாதம் அவரைக் கொன்றார்கள். ஒரு பெயர் பத்துப் பெயராவது இப்படித்தான்.

எதிர்த்து எழுதியவர்களும் அதே சமயத்துக்குள்ளிருந்தே வந்தார்கள். 1563இல் யொஹான் வையர் என்ற வைத்தியர், யாத்திராகமத்துச் சொல் நஞ்சூட்டுபவரையே குறிக்கிறது, பிடிபடும் கிழவிகள் மனநோயால் வருந்துபவர்கள் என்று வாதிட்டார். பிரெடெரிக் ஸ்பே என்ற இயேசுசபைக் குரு 1631இல் தம் பெயரில்லாமல் ஒரு நூல் வெளியிட்டார். சூனியக்காரிகள் இருக்கிறார்கள் என்பதை அவர் மறுக்கவே இல்லை. இந்தச் சித்திரவதையால் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது என்பது மட்டுமே அவர் வாதம். உன்னையும் என்னையும் இப்படி விசாரித்தால் நாமும் சூனியக்காரர்தான் என்பது அதன் உட்பொருள்.

என் மனதில் பதிந்தவர் அலொன்சோ டி சலசார் பிரியாஸ். ஸ்பெயினின் சமய விசாரணை மன்றம் என்றாலே நமக்கு எரிச்சல் வரும். மொரிஸ்கோ முஸ்லிம்களை வேட்டையாடியதும் அந்த மன்றந்தான். அவர்களை நாடு கடத்தும் ஆணை 1609இல் பிறந்தது. அதே மன்றத்தின் லொக்ரோஞோ கிளையில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் சலசார். 1610 நவம்பரில் அங்கே ஆறு பேரை உயிரோடு எரித்தார்கள். சிறையிலேயே இறந்துபோன ஐவரின் உருவங்களை எரித்தார்கள். மறுவருடம் பாஸ்க் மலைக்கிராமங்களுக்கு மன்னிப்பு ஆணையோடு சலசார் அனுப்பப்பட்டார். 1,802 பேர் அவர் முன்னால் வந்தார்கள். அவர்களில் 1,384 பேர் சிறுவர்கள். சலசார் ஓர் ஆராய்ச்சியாளரைப் போல் நடந்துகொண்டார். ஒரே கூட்டத்துக்குப் போனதாகச் சொன்னவர்களைத் தனித்தனியே விசாரித்து விடைகளை ஒப்பிட்டார், ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கூட்டம் நடப்பதாகச் சொன்ன இடத்துக்கு இரவில் தம் எழுத்தாளர்களை அனுப்பினார். அவர்கள் ஒன்றையும் காணவில்லை. பறக்கும் தைலம் என்று கொண்டுவந்த சட்டிகளைச் சோதிப்பித்தார், எல்லாம் போலி. இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அந்த ஊர்களில் சூனியக்காரியும் இருக்கவில்லை, சூனியம் பிடித்தவரும் இருக்கவில்லை என்ற கருத்தைத் தம் அறிக்கையில் எழுதினார். 1614இல் மேல்மன்றம் அவருடைய ஆலோசனைகளைப் பெரும்பாலும் ஏற்றது. அதன் பின் அம்மன்றத்தின் கையால் சூனியத்துக்காக எரிப்பது அநேகமாக நின்றுபோனது. 1610 தீர்ப்பில் தாமும் ஒப்பமிட்டவர் என்பதைச் சலசார் மறைக்கவில்லை.

பின்னர் சட்டம் மெல்ல மெல்ல வந்த வழியே திரும்பியது. 1736இல் பிரித்தானியா சூனியக் குற்றத்தையே நீக்கி, சூனிய சக்தி உள்ளதாகப் பாசாங்கு செய்து ஏமாற்றுவதைக் குற்றமாக்கியது. எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. என் நண்பரின் மெதடிஸ்த சபையைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி 1768இல் தம் நாட்குறிப்பில், சூனியத்தை மறுப்பது வேதாகமத்தையே மறுப்பதாகும் என்ற கருத்தில் எழுதினார். நண்பரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "தெரியும் மச்சான்," என்றார். "அவர் நம்பினார். அதுக்காக ஒருத்தரயும் எரிக்கச் சொல்லலியே." 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் குறி, சோதிடம், மந்திரம், தாயத்து அனைத்தையும் இன்றும் கண்டிக்கிறது. தவறென்ற தீர்ப்பு மாறவில்லை. செய்தவளென்று ஒருத்தியைச் சுட்டும் உரிமைதான் மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டது.

நமது பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸூரத்துல் பகராவின் 102ஆம் வசனம் ஹாரூத், மாரூத் பற்றிப் பேசும் இடத்தில், அல்லாஹ்வின் அனுமதியின்றி அவர்களால் எவருக்கும் தீங்கு செய்ய முடியாது என்கிறது. 981இல் மறைந்த ஹனஃபி அறிஞர் அபூபக்ர் அல்-ஜஸ்ஸாஸ், ஸிஹ்ர் என்பது பெரும்பாலும் கண்கட்டும் ஏமாற்றுமே என்று விளக்கியவர். பெரும்பான்மை அறிஞர்கள் அவரோடு உடன்படவில்லை. நானும் அந்த விவாதத்தில் நுழைய ஆலிமல்ல. ஆனால் 2011 டிசம்பரில் சவூதி அரேபியாவின் அல்-ஜவ்ஃப் பகுதியில் ஒரு பெண்ணின் தலை சூனியக் குற்றத்துக்காகத் துண்டிக்கப்பட்டபோது, ஐரோப்பாவை மட்டும் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லையென்பது எனக்கு விளங்குகிறது.

கீத் தோமஸ் என்ற வரலாற்றாசிரியர் 1971இல் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் வழக்குகளை ஆராய்ந்து ஒரு பொது அமைப்பைக் காட்டினார். ஏழைக் கிழவி ஒருத்தி அயல்வீட்டில் பாலோ வெண்ணெயோ கேட்டு வருவாள். இல்லையென்று அனுப்பிவிடுவார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டு போவாள். சில நாளில் அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கோ மாட்டுக்கோ நோய் வரும். மறுத்தவரின் குற்ற உணர்வுதான் அவளைச் சூனியக்காரி ஆக்கியது என்பது அவர் விளக்கம். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் மாணவிக்கு முதல் வலிப்பு வருவதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர், ஆப்ப மாமி அந்த வீட்டுக்குப் போய் இரண்டு மாத ஆப்பக் கடனைக் கேட்டிருக்கிறார். "இப்ப இல்ல, போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பள்ளிவாசல் கூட்டத்தில் இருந்த பலருக்கும் அது தெரியும்.

ஐரோப்பாவில் கடைசியாகக் கொல்லப்பட்டவர்களில் ஒருத்தி அன்னா கொல்டி. சுவிற்சர்லாந்தின் கிளாறுஸ் பகுதியில் வேலைக்காரியாக இருந்தவள். எசமானின் மகளுடைய பாலில் ஊசிகள் காணப்பட்டதாம். பிள்ளைக்கு வலிப்பும் வந்ததாம். 1782 ஜூனில் அவள் தலையை வெட்டினார்கள். சூனியக்காரி என்று எழுத அப்போது நீதிபதிகளுக்கே கூச்சமாக இருந்ததால் தீர்ப்பில் 'நஞ்சூட்டியவள்' என்று எழுதினார்கள். பழைய கிரேக்கச் சொல்லுக்கே திரும்பிவிட்டார்கள். 2008இல் கிளாறுஸ் மாகாண சபை அவள் குற்றமற்றவள் என்று அறிவித்தது. இடையில் 226 ஆண்டுகள்.

என் மாணவி இப்போது ஒழுங்காகப் பாடசாலைக்கு வருகிறாள். வைத்தியசாலையில் சோதித்துக் காக்காய்வலிப்பு என்று சொல்லி, காலையும் இரவும் குளிசை கொடுத்திருக்கிறார்கள். ஆப்ப மாமி அந்த மாதமே மகளின் ஊருக்குப் போய்விட்டார். கிழக்கு வளவின் அடுப்பங்கரையில் மழைத் தண்ணீர் நிற்கிறது. சென்ற விடுமுறையில் அவரைத் தேடிப் போனேன். "வாங்க சேர்" என்று கதிரை எடுத்துப் போட்டார். நான் சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன்னரே உள்ளே போய், சூடாக இரண்டு ஆப்பங்களைக் கொண்டுவந்து வைத்தார்.